டெம்ஸ் கருவியில் சிக்னல் சொல்பேச்சு கேட்காதபோது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மின்முனையில் உருவாகும் ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு போன்ற ஆவியாகும் பொருட்களை, நீரை விலக்கும் நுண்துளைச் சவ்வு வழியாக நேரே வெற்றிடத்துக்குள் இழுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) அளப்பதுதான் டெம்ஸ் (DEMS, Differential Electrochemical Mass Spectrometry). 1971-இல் புரூக்கன்ஸ்டைனும் காடேயும் நுண்துளை மின்முனை வழியாக இதைச் செய்து காட்டினார்கள். 1984-இல் வோல்ட்டரும் ஹைட்பாமும் வேகமான பம்புகளைச் சேர்த்து, சிக்னல் வாயு உருவாகும் வேகத்தையே காட்டும்படி ஆக்கினார்கள். அந்த வேகம் குலைந்தால் கருவி, சேர்ந்த மொத்த அளவை மட்டும் காட்டும் பழைய குவிப்பு அளவீடாகிவிடும். கீழே வரும் பல அறிகுறிகளுக்கு வேர் அதுதான்.

கருவியைக் கழற்றத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கோளாறு சவ்வுக்கு எந்தப் பக்கம்? திரவப் பக்கமா, வெற்றிடப் பக்கமா? இது தெரியாமல் மின்முனையை மெருகேற்றிக்கொண்டிருப்பது வீண். மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, நுழைவு வால்வை மூடிப் பின்னணியைப் பார்ப்பது. நிறை 2 (ஹைட்ரஜன்), 18 (நீர்), 28 (நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு), 32 (ஆக்சிஜன்), 40 (ஆர்கான்), 44 (கார்பன் டைஆக்சைடு) ஆகியவற்றைப் பதிந்து, கருவி நன்றாக இருந்த நாளின் எண்களோடு ஒப்பிடுங்கள். அப்படி ஒரு பதிவு கைவசம் இல்லையென்றால், கருவி நன்றாக இருக்கும் அடுத்த நாளிலேயே எடுத்து வையுங்கள். வால்வு மூடியும் மாறாத கோளாறு திரவப் பக்கத்தது அல்ல.

இரண்டாவது, வால்வைத் திறந்து, மின்முனையை எதுவும் நடக்காத மின்னழுத்தத்தில் நிறுத்துவது. அமிலத்தில் பிளாட்டினம் என்றால் மீள் ஹைட்ரஜன் மின்முனைக்கு எதிராக 0.4 வோல்ட் சரியான இடம். மின்னழுத்தம் அசையாதபோது சிக்னல் அசைந்தால், அது வேதியியல் அல்ல; ஓட்டம், வெப்பநிலை, பம்பு, மின்னணுப் பகுதி இவற்றில் ஒன்று.

மூன்றாவது, ஆர்கான் ஏற்றிய மின்பகுளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றிய மின்பகுளிக்கு மாற்றுவது. மின்முனையைத் திறந்த சுற்றில் (மின்னோட்டம் ஓடாதபடி) விட்டுவிடுங்கள். நிறை 32 சுத்தமான படியாக ஏறி நின்றால் சவ்வு, நுழைவு, அயனி மூலம், உணரி எல்லாம் நலம். அதன் பிறகு மின்முனையைச் சந்தேகிக்கலாம்.

அழுத்தம் ஒரே தாவலில் ஏறுகிறது

சவ்வு கிழிந்துவிட்டது, அல்லது ஓ-ரிங் இடம் நழுவிவிட்டது. வரிசை முக்கியம்: நுழைவு வால்வை மூடு, ஃபிலமென்டை (அயனி மூலத்தில் எலக்ட்ரான்களை உமிழும் சூடான கம்பி) அணை, எலக்ட்ரான் பெருக்கியின் (அயனிச் சிக்னலைப் பெருக்கும் உணரி) மின்னழுத்தத்தை நிறுத்து, பிறகு கலத்திலிருந்து திரவத்தை வடி. டர்போவை (உயர்வெற்றிடம் தரும் வேகச் சுழல் பம்பு) அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். வால்வு மூடிய பிறகு அழுத்தம் இறங்கத் தொடங்கினால், உள்ளே போனது கொஞ்சம் நீராவிதான், பம்பே இழுத்துவிடும். ரோட்டரி பம்பு இருந்தால் கேஸ் பாலஸ்டை (பம்புக்குள் சிறிது காற்றை விடும் வால்வு) திறந்து அரை மணி நேரம் ஓட விடுங்கள், எண்ணெயில் சேர்ந்த நீர் வெளியேறும்.

திரவமே குழாய்க்குள் போயிருந்தால் கதை வேறு. நீர் ஆவியாகிவிடும், கரைந்திருந்த அமிலமும் காரமும் உள்ளேயே தங்கும். டர்போவின் சுழலி பெரும்பாலும் அலுமினியக் கலவை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அதை அரிக்கும். நுழைவுப் பகுதியைக் கழற்றி, தூய நீரில் பலமுறை அலசி, எத்தனாலால் துடைத்து, சூடேற்றி உலர்த்திய பிறகே மீண்டும் பொருத்த வேண்டும். இந்த வேலையைத் தவிர்க்க, அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் நுழைவு வால்வு தானாக மூடும் இன்டர்லாக் இல்லாமல் டெம்ஸ் கலத்தை இணைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. எலக்ட்ரான் பெருக்கி 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே இயங்க வேண்டிய பொருள். வரம்பை அதையொட்டி வையுங்கள்.

சவ்வு ஏன் கிழிந்தது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் கிழியும். வழக்கமான டெஃப்லான் சவ்வு 50 முதல் 75 மைக்ரோமீட்டர் தடிமனும் 0.02 மைக்ரோமீட்டர் துளையும் கொண்டது. தாங்கியாக இருக்கும் எஃகுச் சல்லடையின் விளிம்பில் பிசிறு இருந்தால், வளிமண்டல அழுத்தம் சவ்வை அதன்மேல் அழுத்தி வெட்டிவிடும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும் பிசிறே போதும். நுண்மணல் தாளில் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

அழுத்தம் மெல்ல ஏறுகிறது, பின்னணி இறங்க மறுக்கிறது

இங்கே மூன்று காரணங்கள் ஒன்றுபோலவே தெரியும். நிறைநிரல் பிரித்துக் காட்டும்.

28-உம் 32-உம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் நின்று, 40-உம் தலைகாட்டினால் அது காற்றுக் கசிவு. வால்வு மூடியபோதும் இருந்தால் ஃபிளாஞ்சுகளில் தேடுங்கள். திறந்தபோது மட்டும் என்றால் கலத்துக்கும் வால்வுக்கும் இடைப்பட்ட மூட்டுகளில். நிறை 4-ஐ வைத்துக்கொண்டு ஹீலியத்தை மெல்லிய முனையால் ஒவ்வொரு மூட்டிலும் ஊதுங்கள். ஹீலியம் மேலே எழும் என்பதால் மேலிருந்து கீழே போக வேண்டும். கீழிருந்து தொடங்கினால் எந்த மூட்டு காட்டிக்கொடுத்தது என்று குழம்பும்.

18 மட்டும் உயர்ந்து 28, 32 அமைதியாக இருந்தால் அது கசிவு அல்ல. அண்மையில் திறந்த அறையின் சுவரில் ஒட்டிய ஈரமாக இருந்தால், கலத்தைப் பிரித்து, வால்வை மூடி, கருவியின் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு (பொதுவாக 100 டிகிரி செல்சியஸுக்கு மேல்) ஓர் இரவு சூடேற்றினால் சரியாகும். ஆனால் வால்வைத் திறக்கும்போது மட்டும் 18 நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், சவ்வு நனையத் தொடங்கிவிட்டது. தூய நீர் டெஃப்லான் துளைக்குள் நுழையாது. வளிமண்டல அழுத்தத்தில்கூட துளை ஏறத்தாழ 0.8 மைக்ரோமீட்டரைத் தாண்டினால்தான் நுழையும். ஆனால் ஆல்கஹால் சேரச் சேர நீரின் பரப்பு இழுவிசை குறையும், பாதுகாப்பும் கரையும். எத்தனால் ஆய்வுகளில் செறிவை லிட்டருக்கு 0.1 மோல் அளவில் வைப்பது இதனால்தான். வினையூக்கி மையில் உள்ள ஐசோபுரோப்பனாலும் அயனோமரும் (அயனிகளைக் கடத்தும் பாலிமர்) சவ்வைத் தொட்டாலும் இதே கதி. டைமெதில் சல்ஃபாக்சைடு, அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்களுக்கு நுண்துளை டெஃப்லானை நம்பவே வேண்டாம்; துளையற்ற எஃப்.இ.பி. (FEP, டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) படலத்துக்கு மாறுங்கள். சிக்னல் வேகம் குறையும், அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது காரணம் எண்ணெய். 41, 43, 55, 57 என்று இரண்டு இரண்டாகவும் பதினான்கு இடைவெளியிலும் சிகரங்கள் தென்பட்டால் ரோட்டரி பம்பின் ஹைட்ரோகார்பன் எண்ணெய் பின்னோக்கி வருகிறது. 69 மட்டும் தனியாக ஓங்கினால் புளோரின் கலந்த எண்ணெயைச் சந்தேகியுங்கள்.

எல்லா நிறைகளும் சேர்ந்தே சுருங்குகின்றன

ஒன்றிரண்டு நிறை மட்டும் குறைந்தால் வேதியியல். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் உணரி அல்லது அயனி மூலம். ஃபாரடே கோப்பைக்கு (பெருக்கம் இல்லாத எளிய உணரி) மாற்றி அதே சிகரத்தை அளந்து பாருங்கள். கோப்பையில் மாற்றமில்லை, பெருக்கியில் மட்டும் குறைவு என்றால் பெருக்கி முதுமை அடைகிறது. அதன் மின்னழுத்தத்தை 50 வோல்ட் படிகளில் ஏற்றிப் பழைய பெருக்கத்தை மீட்கலாம், ஆனால் அதன் பின் பழைய அளவுத்திருத்த மாறிலி (சிக்னலை மின்னோட்டத்தோடு இணைக்கும் எண்; கடைசிப் பகுதியில் வருகிறது) செல்லாது. கோப்பையிலும் குறைவு என்றால் ஃபிலமென்டின் எமிஷன் மின்னோட்டத்தையும் அயனி மூலத்தில் படிந்த அழுக்கையும் பாருங்கள்.

பலர் மறப்பது நிறை அச்சின் நகர்வு. ரேடியோ அலைவெண் மின்னணுப் பகுதி சூடாகும்வரை சிகரங்கள் சற்றே இடம் மாறும். கருவி 44.0 என்ற ஒரே புள்ளியில் அளந்துகொண்டிருக்க, சிகரத்தின் உச்சி 44.2-க்குப் போயிருந்தால், சிக்னல் குறைந்ததாகவே தோன்றும். முழு சூடேற்றத்துக்குப் பிறகு 18, 28, 40 சிகரங்களை அனலாக் முறையில் (முழு வடிவமும் தெரியும்படி) ஒருமுறை ஓட்டி உச்சிகளைத் திருத்துங்கள். ஹைட்ரஜனில் இது மிகவும் கடிக்கும், நிறை 2-இன் சிகரம் குறுகலானது.

இன்னொன்று: மின்பகுளி ஓட்டத்தை அல்லது வெப்பநிலையைக் கூட்டியபோது எல்லாம் சுருங்கினால், உள்ளே நீராவி அதிகமாகி அயனி மூலத்தை நெரிக்கிறது. ஆர்கானை உள்குறியாக வைத்து (நிறை 36 அல்லது 40) மற்ற சிக்னல்களை அதனால் வகுத்தால் இந்த அலைச்சல் பெருமளவு மறையும்.

மின்னோட்டம் ஓடுகிறது, சிக்னல் இல்லை

முதல் கேள்வி: உருவாகும் பொருள் அந்தக் கரைசலில் வாயுவாக இருக்க முடியுமா? கார மின்பகுளியில் கார்பன் டைஆக்சைடு கார்பனேட்டாகிவிடும். கார்பானிக் அமிலத்தின் pKa மதிப்புகள் (அமிலம் தன் புரோட்டானை இழக்கும் pH) 6.35-உம் 10.33-உம், 0.1 மோலார் காரத்தில் 44 வராமல் இருப்பதுதான் சரியான விடை, கோளாறு அல்ல. அமோனியாவுக்கு நேர்மாறு: அமிலத்தில் அமோனியம் அயனியாகக் கரைந்தே நிற்கும். ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவை குறைவாகவே ஆவியாகும். இவற்றை டெம்ஸில் தேடுவதைவிடக் கரைசலைக் குரோமடோகிராஃபியில் போடுவது புத்திசாலித்தனம்.

பொருள் ஆவியாகக்கூடியதே என்றால், மின்முனைக்கும் சவ்வுக்கும் இடையே குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு திரவ ஓட்டத்தை ஒதுக்கியிருக்கலாம். ஆக்சிஜன் மாற்றச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். படி வரவில்லையென்றால் ஓட்டத்தைச் சில நொடிகளுக்கு வேகப்படுத்தி, கலத்தைச் சாய்த்துக் குமிழியை வெளியேற்றுங்கள்.

சிக்னல் பிந்தி வருகிறது, வால் நீள்கிறது

ஹைட்ரஜனைக் கொண்டு அளங்கள். பிளாட்டினத்தை 0.4 வோல்ட்டிலிருந்து −0.05 வோல்ட்டுக்கு ஒரு படியாக மாற்றி, 5 நொடி கழித்துத் திருப்புங்கள். சிக்னல் எழும்பத் தொடங்க எடுத்த நேரம் திரவப் பாதையின் தாமதம். எழுந்தபின் மட்டத்தை எட்டும் வளைவு கலப்பும் பம்பும் சேர்ந்தது. இரண்டையும் கலக்காமல் எழுதி வையுங்கள். தாமதம் மட்டும் என்றால் கணக்கில் திருத்தலாம்: 1.5 நொடித் தாமதம், மின்னழுத்தத்தை நொடிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் மாற்றும் ஸ்கேன் என்றால் 15 மில்லிவோல்ட் நகர்வு. வளைவு நீண்டுவிட்டால் கணக்கால் மீட்பது கடினம். காரணத்தைத்தான் நீக்க வேண்டும்.

வழக்கமான குற்றவாளிகள் மூன்று: நுழைவுக் குழாயில் பயனற்ற கொள்ளளவு, டர்போவின் வேகக் குறைவு, குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஒடுங்கும் ஆவி. எத்தனால், அசிட்டால்டிஹைடு போன்றவற்றின் வால் நீண்டு ஹைட்ரஜன் மட்டும் கூர்மையாக இருந்தால், மூன்றாவதுதான். நுழைவுக் குழாயைச் சூடாக வையுங்கள். எல்லாமே நீண்டால் முதல் இரண்டில் தேடுங்கள்.

கருவியே காரணமாகவும் இருக்கலாம். எட்டு நிறைகளை ஒவ்வொன்றும் 200 மில்லிநொடி அளந்தால் ஒரு சுற்றுக்கு 1.6 நொடி, நொடிக்கு 10 மில்லிவோல்ட் ஸ்கேனில் 16 மில்லிவோல்ட்டுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். தேவையான நான்கு நிறைகளோடு நிறுத்துங்கள்.

ஊசி ஊசியாகச் சிக்னல்

குமிழி. வாயு கரைதிறனைத் தாண்டி உருவாகிறது. கணக்கு எளிது. 25 டிகிரியில் ஹைட்ரஜனின் கரைதிறன் லிட்டருக்கு ஏறத்தாழ 0.78 மில்லிமோல். ஓட்டம் நொடிக்கு 5 மைக்ரோலிட்டர் என்றால் கரைந்தபடி எடுத்துச் செல்லக்கூடியது நொடிக்கு 3.9 நானோமோல், இரண்டு எலக்ட்ரான் வினைக்கு அது 0.75 மில்லிஆம்பியர். அதற்கு மேல் மின்னோட்டம் ஏற்றினால் குமிழி வருவதில் வியப்பில்லை. ஆக்சிஜனுக்குக் கரைதிறன் 1.26 மில்லிமோல், நான்கு எலக்ட்ரான், எல்லை 2.4 மில்லிஆம்பியர் வரை போகும். மின்முனைப் பரப்பைக் குறைப்பதோ ஸ்கேன் எல்லையைச் சுருக்குவதோதான் தீர்வு. ஓட்டத்தைக் கூட்டுவது பாதித் தீர்வு, ஏனெனில் சவ்வை எட்டும் பங்கு குறைந்துவிடும்.

ஊசிகள் ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது குமிழி அல்ல, பெரிஸ்டால்டிக் பம்பின் உருளைகள். உயர வேறுபாட்டால் திரவத்தை ஓட விடுவதோ சிரிஞ்சுப் பம்புக்கு மாறுவதோ அதைத் தீர்க்கும்.

பொட்டென்ஷியோஸ்டாட் ஓவர்லோடு காட்டுகிறது

மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இந்தக் கருவியின் எச்சரிக்கையை டெம்ஸ் கோளாறு என்று பலர் நினைப்பதில்லை. ஆனால் அடிக்கடி அதுவே. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் உடல் நிலத்தோடு இணைந்தது. சவ்வின்மேல் நேரடியாகப் பூசப்பட்ட பிளாட்டினம் எங்காவது எஃகுத் தாங்கியைத் தொட்டால், செயல் மின்முனையே (வினை நடக்கும் மின்முனை) நிலமாகிவிடும். வெற்றிடத்தை நிறுத்தி, கலத்தைக் காலியாக்கி, மின்முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே மின்தடையை அளந்தால் தெரிந்துவிடும். மெகா ஓமில் இருக்க வேண்டும். நிலமற்ற பொட்டென்ஷியோஸ்டாட், அல்லது எஃகுக்குப் பதில் கண்ணாடித் தாங்கி, இரண்டில் ஒன்று தேவை. முன்பு நன்றாக இருந்து திடீரென்று இது தொடங்கினால் சவ்வின் வழியே ஈரம் உள்ளே போய் மின்பாதை அமைத்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது அறிகுறிக்குத் திரும்புங்கள்.

மெல்லிய படலக் கலங்களில் மின்பகுளித் தடையும் அதிகம். 50 ஓம் தடையில் 1 மில்லிஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் தொலைகிறது. தூய பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் சிக்னல் 0 வோல்ட்டுக்கு அருகில் எழ வேண்டும், −0.08-இல்தான் எழுகிறது என்றால் இந்தத் தடையையோ ஒப்பீட்டு மின்முனையின் (மின்னழுத்தத்தை எதற்கு எதிராக அளக்கிறோமோ அது) நகர்வையோ முதலில் தீருங்கள்.

வரக்கூடாத பொருள் வருகிறது

இங்கேதான் தவறான கட்டுரைகள் பிறக்கின்றன, ஆகவே நிதானம் தேவை.

நிறை 28-ஐப் பார்த்து கார்பன் மோனாக்சைடு என்று முடிவெடுக்காதீர்கள். 70 எலக்ட்ரான்வோல்ட்டில் கார்பன் டைஆக்சைடே 28-இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிதைவைத் தரும். நைட்ரஜனும் எத்திலீனும் அங்கேயே அமரும். எத்திலீனுக்கு 26, மீத்தேனுக்கு 15, நைட்ரஜனைப் பிரிக்க 14, கார்பன் மோனாக்சைடைப் பிரிக்க 12 என்று துணை நிறைகளையும் சேர்த்து ஓட்டுங்கள். சிதைவு விகிதங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்காமல் உங்கள் கருவியிலேயே தூய வாயுவைச் செலுத்தி அளவிடுங்கள், ஏனெனில் அவை கருவிக்குக் கருவி மாறும்.

எத்தனால் ஆக்சிஜனேற்றத்தில் 44 இரண்டு எசமானருக்கு உழைக்கிறது: கார்பன் டைஆக்சைடு, அசிட்டால்டிஹைடு. முன்னதுக்கு இரட்டை அயனியின் 22-ஐயும் பின்னதுக்கு 29-ஐயும் எடுங்கள். 22-இன் வலிமை 44-இன் ஓரிரு சதவீதமே, அதனால் அளவு நேரம் நீளட்டும். சிதைவைக் குறைக்கிறேன் என்று எலக்ட்ரான் ஆற்றலை 37 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் 22 அடியோடு மறையும். 29-இல் எத்தனாலும் பங்களிக்கிறது. அந்தப் பின்னணியைக் கழிக்க மறவாதீர்கள். மெத்தனாலிலும் இதே சிக்கல்: அதன் 32 ஆக்சிஜனோடு மோதும், 31-ஐ வைத்துத் திருத்துங்கள். அமோனியாவின் 17 நீரின் 17-க்குள் மூழ்கிவிடும், 15-ஐ முயலலாம்.

ஆக்சிஜன் வெளியேறும்போது 44-உம் கூடவே ஏறுகிறதா? கார்பன் தாங்கி அரிக்கிறது என்று எழுதுமுன் ஒரு சோதனை. திறந்த சுற்றில் ஆக்சிஜன் ஏற்றிய மின்பகுளியைச் செலுத்துங்கள். அப்போதும் 44 ஏறினால் அது மின்முனையிலிருந்து வரவில்லை. சூடான ஃபிலமென்ட் ஆக்சிஜனோடு சேர்ந்து அறையில் உள்ள கார்பனை எரிக்கிறது. டங்ஸ்டனில் இது அதிகம், ஆக்சைடு பூசிய இரிடியத்தில் குறைவு. ஏறிய அளவை ஆக்சிஜன் சிக்னலோடு ஒப்பிட்டு ஒரு விகிதமாகக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் அரிப்பு.

ஐசோடோப் ஆய்வில் இன்னொரு பொறி. ஆக்சிஜன் 18-ஐத் தேடும்போது 34-இன் இயல்பான பங்கு 32-இன் 0.41 சதவீதம், அதைத் தாண்டியதே பொருள்படும். 36-ஐ அளக்க விரும்பினால் ஆர்கானால் ஊதாதீர்கள், ஆர்கானிலேயே 36 இருக்கிறது. ஹீலியம் எடுங்கள்.

கவுன்ட்டர் மின்முனையையும் (சுற்றை முடிக்கும் எதிர் மின்முனை) மறக்க வேண்டாம். எதிர்மறை ஸ்கேனில் 32 ஏறினால் அது பெரும்பாலும் அங்கிருந்து மிதந்து வந்த ஆக்சிஜன். கவுன்ட்டர் ஓட்டத்தின் வெளிவாயிலில் இருக்க வேண்டும். குளோரைடு ஒப்பீட்டு மின்முனையைப் பயன்படுத்தினால் 35, 70-இல் குளோரின் கண்ணில் படலாம். மெர்க்குரி சல்ஃபேட்டோ மீள் ஹைட்ரஜனோ பாதுகாப்பானது.

பொருள்வாரியான மின்னோட்டப் பங்குகள் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது

அளவுத்திருத்தம் பழையது, அல்லது வேறு ஓட்டத்தில் எடுத்தது. மாறிலி சவ்வு, ஓட்டம், பெருக்கியின் வயது மூன்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. ஒன்று மாறினாலும் மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எடுப்பதே நல்லது, அரை மணி நேரம்தான்.

0.5 மோலார் கந்தக அமிலத்தில் பிளாட்டினத்தை 0.1 வோல்ட்டில் நிறுத்தி, சில நிமிடங்கள் கார்பன் மோனாக்சைடைச் செலுத்துங்கள். பிறகு ஆர்கான் ஏற்றிய மின்பகுளியால் 28 பின்னணிக்கு இறங்கும்வரை அலசுங்கள்; இதில் அவசரம் காட்டினால் கரைந்த வாயுவும் சேர்ந்து ஆக்சிஜனேற்றமாகிக் கணக்கு கெடும். நொடிக்கு 10 மில்லிவோல்ட்டில் ஏற்றினால் 0.7 வோல்ட்டுக்கு அருகில் 44 சிகரமாக எழும். மின்னூட்டத்தில் இரட்டை அடுக்கும் எதிரயனி ஒட்டலும் கலந்திருக்கின்றன. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை அதுவாக இருக்கலாம். அதைக் கழிக்காமல் விட்டால் மாறிலி சிறுத்து, பின்னால் கணக்கிடும் எல்லாத் திறன்களும் ஊதிப் பெருக்கும். நூறைத் தாண்டும் எண்களுக்கு இதுவே மிகச் சாதாரணமான காரணம்.

மாறிலி = 2 × 44-இன் கீழ்ப்பரப்பு ÷ திருத்திய மின்னூட்டம். எடுத்துக்காட்டாக, 2 நானோகூலும் பரப்பு, 400 மைக்ரோகூலும் மின்னூட்டம் என்றால் 1 × 10⁻⁵. இதை வைத்து மெத்தனாலில் 100 மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்துக்கு 44-இல் 1 × 10⁻¹⁰ ஆம்பியர் கிடைத்தால், ஆறு எலக்ட்ரான் கணக்கில் மின்னோட்டத்தின் 60 சதவீதம் கார்பன் டைஆக்சைடுக்குப் போகிறது. மீதி ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும். பின்னது மெத்தனாலோடு சேர்ந்து மெதில் ஃபார்மேட்டாக நிறை 60-இல் எட்டிப்பார்க்கும், அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.